கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அம்பிகைபாகனின் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் இருந்த ஆண்கள் எல்லோரும் கிராணிகள், அரசாங்கக் குமாஸ்தாக்கள். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் கிராணியானார். தகப்பன் பினாங்குத் துறைமுகத்தில் தலைமைக் கிராணி. குடியிருந்த வீடும் அரசாங்கத்துடையது. அம்பிகைபாகன் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தில் மலாய்ப் பாடத்தைக் கோட்டைவிட்டான். அந்த ஒரு பாடத்தோடு அரசாங்க வேலை போயிற்று. அடுத்த ஆண்டு தகப்பன் இறந்தார். வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அவனும் தாய் புஷ்பராணியும் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். பக்கத்து வீடுகளில் துறைமுகக் கூலிகளும் நகராட்சித் தொழிலாளர்களும் இருந்தார்கள். புஷ்பராணி முன்கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தாள்.

அவன் மின்னணுத் தொழில் படித்து, எழுபதுகளின் நடுவில் பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தான். சில ஆண்டுகள் கழித்து அங்கே சென்சர் பிரிவு திறந்தார்கள். கார் எஞ்சினின் சூட்டை அளந்து சொல்லும் சின்னச் சாமான். விரல் நகத்தளவு பீங்கான் துண்டின்மேல் நிக்கல் தூளை உருக்கித் தெளித்து ஒரு பூச்சு ஏற்றுவார்கள். பிறகு அந்தப் பூச்சில் லேசரால் வளைந்து வளைந்து போகும் கோடு வெட்டுவார்கள். மிஞ்சி நிற்கும் நிக்கல் ஒரு நீளமான ஒல்லிப் பாதையாகும். சூடு ஏறினால் அந்தப் பாதையில் மின்சாரம் போவது சிரமமாகும். அந்தச் சிரமத்தை அளந்தால் சூடு தெரியும்.

பிரிவு இரண்டு அறைகளாக இருந்தது. நடுவில் தடித்த கண்ணாடி பதித்த சுவர். அந்தப் பக்கம் தெளிப்பறை. துப்பாக்கி போன்ற கருவியின் முனையில் வெள்ளையாக நெருப்பு நிற்கும். தூள் அதற்குள் போய் உருகித் துளித்துளியாகப் பறந்து பீங்கானில் அடித்துத் தட்டையாகும். காது கிழியும் இரைச்சல். உள்ளே போகிறவன் முகமூடியும் காதுக்கு உறையும் போட்டுக்கொண்டு போவான். வெளியே வரும்போது தலைமுதல் கால்வரை சாம்பல் நிறமாக இருப்பான். இந்தப் பக்கம் லேசர் அறை. குளிர்சாதனம், மெழுகிய தரை, வெள்ளைக் கோட்டு. அம்பிகைபாகன் இந்தப் பக்கம்.

அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் ராமதாஸ். அவன்தான் பிரிவின் எஞ்சினியர். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தகப்பன் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ராமதாஸ் உபகாரச் சம்பளத்தில் பல்கலைக்கழகம் போய்ப் படித்துவிட்டு வந்தான். எஞ்சினியருக்கு மேல்மாடிக் குளிர் அறையில் மேசை உண்டு. அவன் அங்கே உட்காருவதில்லை. பினாங்கின் ஈரக்காற்றில் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் உலர்த்தாமல் போட்டால் பூச்சு உரிந்து வரும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லி அவனே சாம்பல் உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

லேசர் அறையில் ரோஹானா என்ற மலாய்ப் பெண் வேலை செய்தாள். அவள் அம்பிகைபாகனை டாக்டர் என்றும் ராமதாஸைப் பேய் என்றும் கூப்பிடுவாள். பேயிடமிருந்து சாமான் வந்திருக்கிறது, டாக்டர் எப்போது அறுவைச் சிகிச்சை செய்வார் என்று கேட்பாள். மூவரும் சிரிப்பார்கள்.

ராமதாஸுக்கு ஒரு யோசனை இருந்தது. பீங்கான் துண்டு எதற்கு? ஆலையின் நீராவிக் குழாய்மேலேயே நேராகத் தெளித்து, அங்கேயே வெட்டினால் என்ன? குழாயில் ஓட்டை போட வேண்டாம். தகப்பன் குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தே சூட்டை மட்டுக்கட்டியவர். அவருடைய உள்ளங்கை தோல்போலவே இல்லை என்று ராமதாஸ் சொல்வான். மேலாளர் அனுமதி கொடுத்தார். வேலை முடிந்தபின் இருவரும் ஒரு துண்டுக் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் மின்சாரம் கடத்தாத பீங்கான் பூச்சு, அதன்மேல் நிக்கல். அது ராமதாஸின் வேலை. வளைந்த பரப்பில் லேசரால் வெட்டுவது அம்பிகைபாகனின் வேலை. ஆழம் கூடினால் கீழ்ப்பூச்சும் அறுந்து மின்சாரம் குழாயிலேயே ஓடிவிடும். குறைந்தால் கோட்டின் இரு கரைகளும் பிரியாது. அவன் குழாயைச் சீராகத் திருப்ப ஒரு பிடி செய்தான். பல துண்டுகள் வீணாயின. ஒரு சாயங்காலம் குழாய்க்குள் வெந்நீர் ஊற்றினார்கள். மீட்டரின் முள் எழுந்தது. ராமதாஸ் முகமூடியைக் கழற்றாமலே அவனைக் கட்டிப்பிடித்தான். வெள்ளைக் கோட்டு பாழாயிற்று.

அன்று தீவிலிருந்து படகில் அக்கரைக்குப் போகும் ராமதாஸை வழியனுப்ப அவனும் துறைவரை போனான். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கொட்டகை வாடகைக்கு வருகிறது என்று ராமதாஸ் சொன்னான். ஆலைகளின் தேய்ந்த அச்சுகளுக்குப் பூச்சுப் போட்டால் வயிற்றுப்பாடு நடக்கும். கூடவே இதைச் செய்யலாம்.

"நான் தெளிக்கிறேன், நீ வெட்டு. பேர்ல ரெண்டு பேரும். யோசிச்சுச் சொல்லு லா, அம்பி."

அம்பிகைபாகன் கல்யாணம் முடியட்டும் என்றான். அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை ராமதாஸின் வீட்டுக்கு அவன் பலமுறை போயிருக்கிறான். ஒருமுறையும் அங்கே சாப்பிட்டதில்லை. தோட்டத்து ஆட்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது புஷ்பராணியின் கட்டளை. அதை அப்படியே சொல்ல முடியாது. ஆகவே அவன் விரதம் என்பான். சோடா மட்டும் குடிப்பான்.

"உங்க சாமிக்கு லீவே கெடையாதா?" என்று ராமதாஸ் சிரிப்பான். அவனுக்குத் தெரியும் என்று அம்பிகைபாகனுக்கும் தெரியும். இருந்தாலும் அது சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்தது.

பெண் தைப்பிங்கில். பெயர் செல்வநாயகி. வங்கியில் வேலை. தகப்பன் ஐயாத்துரை ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பேச்சை எடுத்தவர்களிடம் புஷ்பராணி மகன் எஞ்சினியர் என்று சொல்லியிருந்தாள். அம்பிகைபாகனுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

"அம்மா, நான் டெக்னீஷியன்."

"வெள்ளைக் கோட்டுத்தானே போடுறாய்?" என்றாள் புஷ்பராணி. "ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாரிடம் எப்படியும் சொல்லிவிடலாம் என்று அவன் நினைத்தான்.

அந்த ஆண்டு தொழிற்சாலையில் குடும்ப தினம் வைத்தார்கள். வேலை செய்கிறவர்களின் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து பார்க்கலாம். வாசலில் பலூன், ஒரு மேசையில் சிரப் தண்ணீர், பிள்ளைகளுக்கு மிட்டாய். புஷ்பராணி அவனிடம் சொல்லாமலே தைப்பிங்காரர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். மகன் வேலை செய்யும் இடத்தின் பளபளப்பை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவன் லேசர் அறையில் நின்றுகொண்டிருந்தபோது தாயும் ஐயாத்துரையும் செல்வநாயகியும் கதவருகில் வந்து நின்றார்கள்.

அவன் எல்லாவற்றையும் காட்டினான். உருப்பெருக்கியில் ஐயாத்துரைக்கு ஒரு கோட்டைக் காட்டினான். தலைமயிரைவிட ஒல்லி என்றான். ஐயாத்துரை தலையை ஆட்டினார். செல்வநாயகி கேட்ட கேள்விகள் நன்றாக இருந்தன. பிறகு தெளிப்பறைப் பக்கம் நடைவழிக்கு வந்தார்கள். அங்கே குளிர்சாதனம் இல்லை. ராமதாஸ் வந்தவர்களுக்காகத் தெளித்துக் காட்டிவிட்டு அப்போதுதான் வெளியே வந்தான். முகமூடி கழுத்தில் தொங்கியது. கண்ணைச் சுற்றி மட்டும் தோல் நிறம் தெரிந்தது. அம்பிகைபாகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நெருங்கினான்.

ஐயாத்துரை அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இவர் உமக்குக் கீழ வேலை செய்யிறவரோ?"

புஷ்பராணி மகனைப் பார்த்தாள். ராமதாஸும் பார்த்தான், சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. ஏதோ வேடிக்கையான பதிலை அவன் எதிர்பார்த்தான் என்றுதான் தோன்றுகிறது.

"ஓம்," என்று தலையாட்டினான் அம்பிகைபாகன்.

ஐயாத்துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆயுள் முழுவதும் போர்ட்டர்களிடம் பேசிய குரலில், "சரியான வெக்கையாக் கிடக்கு. குடிக்க ஏதும் எடுத்துக்கொண்டு வாரும், தம்பி," என்று ராமதாஸிடம் சொன்னார்.

ராமதாஸ் கழுத்திலிருந்த முகமூடியைக் கழற்றினான். "கொண்டாறேன் சார்," என்றான். வாசல் மேசைக்குப் போய் ஒரு தட்டில் சிரப் தண்ணீர் எடுத்து வந்தான். ஒவ்வொருவருக்கும் நீட்டினான். அம்பிகைபாகனுக்கும் நீட்டினான். அவன் எடுத்துக்கொண்டான். அப்போதும் சொல்லியிருக்கலாம். செல்வநாயகி மட்டும் ராமதாஸின் சட்டைப் பையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு நன்றி என்று சொல்லிக் கிளாஸை வாங்கினாள்.

திங்கட்கிழமை ராமதாஸ் சண்டை போடவில்லை. தூளைப் பற்றியும் பூச்சின் கனத்தைப் பற்றியும் வழக்கம்போலப் பேசினான். அம்பி என்று கூப்பிடாமல் மிஸ்டர் அம்பிகைபாகன் என்றான். குழாயை எடுத்துக்கொண்டு சாயங்காலம் யாரும் உட்காரவில்லை. அம்பிகைபாகன், ராமதாஸ் மறுபடி கொட்டகைப் பேச்சை எடுப்பான், அப்போது இதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான். ராமதாஸ் எடுக்கவில்லை. குடும்ப தினத்தன்று நடைவழியில் நின்றிருந்த ரோஹானாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் தட்டை யார் தூக்கினார்கள் என்று அவள் பார்த்திருந்தாள். லேசர் கதிரை மூடித் திறக்கும் தகட்டைக் காட்டி, உங்கள் வாய்க்கும் இதுபோல ஒன்று போட்டிருக்கிறார்களா என்று மலாயில் கேட்டாள். அவளும் அதன்பின் அவனை டாக்டர் என்று கூப்பிடவில்லை.

தீபாவளி வந்தது. பினாங்கில் தீபாவளிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகலாம். மனத்தாங்கல் உள்ளவர்கள் அன்று போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தால் பழையது பேசாமலே தீர்ந்துவிடும். எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் சேர்ந்திருக்கின்றன. அம்பிகைபாகன் அதை நம்பினான். படகேறி, பஸ் பிடித்து நிபோங் திபாலுக்குப் போனான்.

ராமதாஸின் அம்மா அவனைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

"இன்னைக்கும் வெரதமா தம்பி?"

"இல்லம்மா. சாப்பிடத்தான் வந்தேன்."

அவள் நம்பாமல் மகனைப் பார்த்தாள். பிறகு இலை போட்டாள். ஆட்டுக்கறி, இட்லி, அதிரசம். அம்பிகைபாகன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் ராமதாஸுக்கு இதன் எடை தெரியும் என்று நினைத்தான். ராமதாஸ் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாய் குழம்பு எடுக்க உள்ளே போனாள்.

"சாப்பிட்டா சரியாப் போயிடுமா?" என்று ராமதாஸ் மெதுவாகக் கேட்டான்.

அம்பிகைபாகன் கையிலிருந்த அதிரசத்தை இலையில் திரும்ப வைத்தான்.

"நீ இத்தன வருஷம் எங்க வீட்டுல சாப்பிடாதது எனக்குப் பெருசாப் படல. அது உங்க அம்மா சொன்னது. அன்னைக்கு ஓம்னது நீ. அதுக்கு ஒரு வார்த்த சொல்லு. சாப்பிட்டுக் காட்டாத."

அம்பிகைபாகனுக்கு வார்த்தை இருந்தது. பஸ்ஸில் வரும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்திருந்தான். ஆனால் அவன் வளர்ந்த வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்ததில்லை. தகப்பன் தாயைத் திட்டினால் அன்று மாலை பழம் வாங்கி வருவார், அத்தோடு முடிந்தது. அவன் இலையில் மிஞ்சியிருந்ததைச் சாப்பிட்டான். ராமதாஸின் தாய் குழம்போடு திரும்பி வந்தாள். ராமதாஸ் எழுந்து வெளியே போய் வந்திருந்த மற்ற விருந்தாளிகளிடம் பேசினான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ராமதாஸ் ஒரு சுவர்க்கடிகாரம் அனுப்பினான், வரவில்லை. அதற்குள் வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்துவிட்டான். கடைசி நாளன்று குழாய் திருப்பும் பிடியைக் கொண்டுவந்து அம்பிகைபாகனின் மேசையில் வைத்தான். இது நீங்கள் செய்தது, எடுத்துப்போவது சரியில்லை என்றான். கை கொடுத்துவிட்டுப் போனான்.

கல்யாணம் முடிந்த சில வாரங்களில் செல்வநாயகி ஒருநாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள், அந்த எஞ்சினியர் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவர் தண்ணி கொண்டுவந்து தந்தபோது சட்டையில இருந்த அட்டையை வாசிச்சனான், எஞ்சினியர் எண்டு கிடந்தது. உங்கட அட்டை வேற நிறம்," என்றாள். "அண்டைக்கே நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். பிறகு கலியாணத்துக்கு முந்திச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன்."

தெரிந்தும் ஏன் சம்மதித்தாய் என்று கேட்டான். அந்த ஒல்லிக் கோட்டைக் காட்டும்போது உங்கள் முகம் நன்றாக இருந்தது என்றாள். தகப்பனுக்கும் சொல்லிவிட்டாளாம். ஐயாத்துரை அதைப் பெரிதாக எடுக்கவில்லை. டெக்னீஷியன் என்றால் என்ன, ஒழுங்கான வேலைதானே என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினாராம். அம்பிகைபாகன் அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பால்கனியில் நின்றான். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

போய்ச் சொல்லுங்கோ என்று அவள் பலமுறை சொன்னாள். அவனும் போவதாகச் சொன்னான். பாலம் கட்டி முடித்தார்கள். அக்கரை இன்னும் கிட்டவாயிற்று. மகள் பிறந்தாள். புஷ்பராணி படுக்கையில் விழுந்து, போய்ச் சேர்ந்தாள். ரோஹானாவின் கணவனுக்குப் புக்கிட் மெர்தாஜாமுக்கு மாற்றலானது; அவள் ராமதாஸின் பட்டறையில் சேர்ந்தாள். நாள் கிழமைகளில் தீவுக்கு வந்து சந்தையில் எதிர்ப்பட்டால் சேதி சொல்வாள். ஆலைகளின் அச்சு வேலை நிறைய வருகிறது. குழாய் சென்சரை எண்ணெய் ஆலைகள் கேட்டு வாங்குகின்றன. லேசர் வெட்டுவதற்கு வந்த ஆட்கள் நிலைக்கவில்லை. கடைசிச் சேதியைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் தொழிற்சாலை சென்சர் பிரிவை மூடியது. அந்த வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்பிகைபாகனுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் அவன் புக்கிட் மெர்தாஜாமுக்குப் பஸ் ஏறினான்.

பட்டறை பெரிதாக இருந்தது. ராமதாஸுக்குத் தலை நரைத்திருந்தது. இம்முறை அது தூசு இல்லை. வா அம்பி என்றான். பழைய பெயரைக் கேட்டபின்தான் அம்பிகைபாகன் உள்ளே காலை வைத்தான். ராமதாஸ் லேசர் இயந்திரத்தைக் காட்டினான். குழாயை இப்போது ஒரு மோட்டார் திருப்பியது. கோட்டின் கரை கருகுகிறது, காரணம் பிடிபடவில்லை என்றான். அம்பிகைபாகன் உட்கார்ந்து பார்த்தான். வில்லையில் நுண்ணிய உலோகத் தூசு படிந்திருந்தது. துடைத்து, மறுபடி நேர்படுத்தி, ஒரு குழாயை வெட்டிக் கொடுத்தான். மத்தியானம் கழிந்துவிட்டது. ரோஹானா உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு ராமதாஸைப் பார்த்தாள். ராமதாஸும் பார்த்தான். நீண்ட நேரம் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் தன் காரில் அம்பிகைபாகனைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனான். வழியில் தூளின் விலையைப் பற்றிப் பேசினார்கள். பட்டர்வொர்த் துறை வந்ததும் காரை நிறுத்தினான்.

"தாஸ், அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுது. மன்னிச்சுடு."

ராமதாஸ் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் முன்னே பார்த்தான்.

"சரி," என்றான். பிறகு, "வேலைக்கு வந்தியா?"

"மொதல்ல இதுக்கு வந்தேன்."

"கோபம் போயி ரொம்ப நாளாச்சு. உன்னமாரி வெட்ட எனக்கு ஆளும் இல்ல. ஆனா நான் வேல குடுத்தா நீ எனக்குக் கீழ, அம்பி. ஒன்ன அப்படிக் கூப்பிட மாட்டேன். அப்ப கேட்டது பங்காளியா. அந்த எடம் இப்ப இல்ல, பேங்கும் என் மச்சானும் உள்ள வந்துட்டாங்க." அவன் கதவின் பூட்டை விடுவித்தான். "தீபாவளியன்னைக்கே சொல்லியிருக்கலாம் லா."

அம்பிகைபாகன் இறங்கினான். கார் திரும்பும்வரை நின்றான்.

வீட்டில் செல்வநாயகி வங்கியிலிருந்து வந்து உடை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேலை தந்தவரோ?"

"இல்லை."

"கேட்டனீங்களோ?"

"அதைக் கேக்கேல்லை. மற்றதைச் சொன்னன்."

அவள் அவனைப் பார்த்தாள். "என்னவாம்?"

"சரியாம்," என்றான். பிறகு, "பிந்திப் போச்சு," என்றான்.

அவள் எழுந்து உடை மாற்றப் போனாள். அடுத்த மாதம் அவன் ஜாலான் டத்தோ கிராமாட் தெருவில் ஒரு சீனரின் தொலைக்காட்சி பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தான். நல்ல முதலாளி. வேலை கைக்கு லேசாக இருந்தது. பழைய தொழிலை யாராவது கேட்டால், சென்சர் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன், எங்கள் எஞ்சினியர் பெயர் ராமதாஸ் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.